கொல்கத்தா பார்சிகளுக்கு ஆகஸ்டில் ஏன் புத்தாண்டு?

கொல்கத்தாவின் மெட்கஃப் தெருவில் பார்சிகளின் அக்னி கோயில் இருக்கிறது. 1912-இல் எழுந்தது. ஆகஸ்ட் நடுவில் அங்கே புத்தாண்டு வழிபாடு நடக்கும். பார்சிகளின் முன்னோர் பாரசீகத்திலிருந்து, அதாவது இன்றைய ஈரானிலிருந்து, குஜராத்துக்கு வந்தவர்கள். ஈரானிலோ புத்தாண்டு மார்ச்சில்! ஏன் இப்படி?

முதலில் ஈரானைப் பார்ப்போம். மார்ச் 20 அல்லது 21-இல் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும். சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும் நொடியை வானியலாளர்கள் கணக்கிடுவார்கள். அது தெஹ்ரானில் நண்பகலுக்கு முன் வந்தால் அன்றே புத்தாண்டு; பிறகு வந்தால் மறுநாள். முதல் ஆறு மாதங்களுக்கு 31 நாள், அடுத்த ஐந்துக்கு 30, கடைசி மாதத்துக்கு 29. கூட்டிப் பாருங்கள், 365 வரும். லீப் ஆண்டில் கடைசி மாதத்துக்கும் 30.

முதல் ஆறு மாதங்கள் மட்டும் ஏன் நீளம்? பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை. ஜூலையில் பூமி சற்று விலகி மெதுவாகப் போகும்; அதனால் அதையொட்டிய மாதங்கள் நீளும். ஜனவரியில் நெருங்கி வேகமாகப் போகும். நம் ஆனிக்குச் சில ஆண்டுகளில் 32 நாள் வருவதும், மார்கழி 29 நாளில் முடிவதும் இதனால்தான். கொல்கத்தாவில் பணியாற்றிய விஞ்ஞானி மேக்நாத் சாஹாவின் குழு வகுத்த இந்திய தேசிய நாட்காட்டியிலும் இரண்டாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை 31 நாள்தான். அது 1957 மார்ச் 22-இல் நடைமுறைக்கு வந்தது.

பார்சிகளின் கணக்கு இன்னும் பழையது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். எல்லா மாதத்துக்கும் 30 நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் உண்டு. முதல் நாள் ஹோர்மஸ்த். நாளின் பெயரும் மாதத்தின் பெயரும் ஒன்றாக வந்தால் அன்று திருநாள்! பன்னிரண்டு மாதம் முடிந்ததும் ஐந்து 'காதா' நாட்கள். அவற்றையும் சேர்த்தால் 365.

ஆனால் பூமி ஒரு சுற்று முடிக்க 365 நாளோடு ஏறக்குறைய ஆறு மணி நேரமும் ஆகிறது. நான்கு ஆண்டில் அது ஒரு முழு நாள். பார்சிகளின் நாட்காட்டியில் லீப் நாள் இல்லை. அதனால் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புத்தாண்டு ஒரு நாள் முன்னால் வந்துவிடுகிறது. இப்படியே சுமார் ஆயிரம் ஆண்டுகளில் மார்ச்சிலிருந்து பிப்ரவரி, ஜனவரி, டிசம்பர் என்று பின்னோக்கி நகர்ந்து ஆகஸ்டுக்கு வந்திருக்கிறது. மார்ச் 21-ஐயும் பார்சிகள் மறக்கவில்லை. அன்று அவர்களுக்கு ஜம்ஷெதி நவ்ரோஸ் என்ற திருநாள்.

2023-இல் அவர்களின் ஆகஸ்ட் புத்தாண்டு 16-ஆம் தேதி, 2024-இல் 15. 2028-இல் 14-ஆம் தேதி வரும்.