எத்தனை புள்ளி, எவ்வளவு தூரம்?

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மையின் மெருகில் மயிரிழை விரிசல் இருந்தால், கையில் எடுத்துப் பார்க்கும்போது தெரியும்; கூடத்தின் கோடியில் வைத்தால் மறைந்துவிடும். வீட்டில் சினிமா பார்ப்பதற்கும் இதே கணக்குத்தான், மாணவர்களே!

1939-இல் வந்த மாயாஜாலப் படமான 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்', மூலப் படச்சுருளிலிருந்து புதுப்பிக்கப்பட்டு 2019-இல் 4கே வட்டாக வெளிவந்தது. அதன் ஒவ்வொரு படத்திலும் 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். சாதாரண ப்ளூ-ரேயைப்போல் நான்கு மடங்கு. ஆனால் நம் கண், ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்குக்கும் குறைந்த கோணத்தைப் பொதுவாகப் பிரித்தறியாது. 55 அங்குலத் திரையில் ப்ளூ-ரேயின் ஒரு புள்ளி 0.63 மில்லிமீட்டர் அகலம். 2.2 மீட்டருக்கு அப்பால் அதுவே அந்தக் கோணத்துக்குள் அடங்கிவிடும். அதற்கும் பின்னால் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கூடுதல் புள்ளிகளுக்குக் காசு கொடுப்பானேன்? நிறத்தின் செழுமைக்காக வேண்டுமானால் வாங்கலாம். அது தூரத்திலும் தெரியும்.