வாடகைக் காரும் வலப்பக்கச் சாலையும்



மகனோ மருமகனோ வளைகுடாவில் பணியாற்ற, அவர்களைக் கண்டுவர ஐக்கிய அரபு அமீரகம் சென்று திரும்பும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் நாளுக்காக வீட்டுக்குள்ளேயே காத்திராமல், தாமே ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஷார்ஜாவுக்கும் அல்ஐனுக்கும் புறப்பட்டுவிடுகிற வாப்பாமார்களும் இருக்கின்றனர். மகிழ்ச்சிதான். ஆயினும், ஊரில் இருபது ஆண்டுகள் வண்டி ஓட்டியவர் கூட அந்தச் சாலையில் முதல் வகுப்பு மாணவரே. இதை ஒப்புக்கொண்டு இறங்குவதில்தான் குடும்பத்தின் பாதுகாப்பு இருக்கிறது.

புறப்படும் முன்

சுற்றுலா விசாவில் செல்லும் இந்தியர், தம் ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருக்க வேண்டும். நமது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஓராண்டுக் காலம் செல்லும். ஊர் உரிமம் அதற்குள் காலாவதியானால் இதுவும் முடிந்துவிடும். இந்தச் சிறு புத்தகம் தனித்து நிற்காது. மூல உரிமமும் உடன் இருந்தால்தான் மதிப்பு. அங்கே குடியிருப்பு விசா பெற்றுவிட்டவருக்கோ இது உதவாது. அவர் அந்நாட்டு உரிமத்தையே பெற்றாக வேண்டும்.

கையொப்பம் இடும் முன்

வாடகை உடன்படிக்கையை நம் மார்க்கச் சட்ட நூல்கள் 'இஜாரா' என்னும் தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. வாடகைக்குப் பெற்ற பொருள், பெற்றவர் கையில் அமானத்து என்பது அவற்றின் நிலைப்பாடு. ஆகவே பிறருடைய காரை எப்படிப் பேண வேண்டும் என்பதை நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்பதைப் படிக்காமலே கையொப்பம் இடும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேட்டுவிடுங்கள்.

ஒன்று, வண்டி சேதமுற்றால் காப்பீடு போக நம் கையிலிருந்து செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு? இரண்டு, முன்பணமாக நிறுத்தி வைக்கும் தொகை எப்போது திரும்பும்? மூன்று, ஸ்டீயரிங்கைப் பிடிக்க அனுமதி பெற்றவர் யார் யார்? ஒப்பந்தத்தில் பெயரில்லாத மைத்துனர் ஆசைக்கு ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீடு கைவிட்டுவிடக் கூடும். நான்கு, அபராதமும் சுங்கமும் எப்படி வசூலிக்கப்படும்? துபாயில் 2007 முதல் நடைமுறையில் உள்ள 'ஸாலிக்' சுங்கத்துக்குச் சாவடி கிடையாது. வளைவின் கீழ்க் கார் கடந்ததுமே கணக்கு ஏறிவிடும். 2025 ஜனவரி இறுதியிலிருந்து நெரிசல் வேளைகளில் இக்கட்டணம் 6 திர்ஹம். பிற வேளைகளில் பெரும்பாலும் 4 திர்ஹம். இவை யாவும் பின்னர் உங்கள் பற்றில் வந்து சேரும்.

சாவியை வாங்கியதும் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஏற்கெனவே உள்ள கீறல்களையும் எரிபொருள் அளவையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் வீண் வாக்குவாதம் எழாது.

சாலையில் இறங்கியபின்

அங்கே வண்டிகள் வலப்பக்கம் செல்லும். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். இதை அறிவு உடனே ஏற்றுக்கொள்ளும். கைக்கும் கண்ணுக்கும் பழகச் சில நாட்கள் ஆகும். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் திரும்பும் விளக்கின் நெம்புகோல் வலக்கைப் பக்கம். அங்கே இடக்கைப் பக்கம். எனவே திரும்ப நினைத்து நெம்புகோலைத் தட்டினால், மழையில்லாத பாலையில் கண்ணாடி துடைப்பான் ஆடும்! அதைக் கண்டு சிரித்துக்கொள்ளலாம். வட்டச் சந்திப்பில் அப்படிச் சிரிக்க இயலாது. அங்கே போக்குவரத்து நம் ஊருக்கு எதிர்த்திசையில் சுழலும். இடப்புறமிருந்து வட்டத்துக்குள் வருவோருக்கு வழிவிட்ட பின்னரே நாம் நுழைய வேண்டும். நெடுஞ்சாலையில் இடக்கோடித் தடம் முந்திச் செல்வோருக்கு உரியது. ஊர் நினைவில் இடப்பக்கம் ஒதுங்கி மெல்லச் செல்ல நினைப்பவர், விரைந்து வருவோரின் பாதையிலேயே போய் நிற்பார். புதியவருக்கு ஏற்றது வலப்பக்கத் தடமே.

முதல் மணி நேரத்தில் எல்லோரும் விழிப்போடுதான் ஓட்டுவார்கள். அபாயம் மூன்றாம் நாளில், 'பழகிவிட்டது' என்று மனம் தளரும்போது வருகிறது. அதிகாலையில் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் வாகன நிறுத்தத்திலிருந்து ஆளில்லாச் சாலைக்கு வருகையில், பின்தொடர முன்னால் ஒரு வண்டியும் இராது. அப்போது கை தன்னையறியாமல் பழைய பக்கத்தை நாடும். ஆகவே ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும், "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். அருகில் அமர்ந்திருக்கும் இல்லாளிடமும் இந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள். அவர் நினைவூட்டினால் சினம் கொள்ளாதீர்கள்.

வேகத்தில் பலகையில் உள்ள எண்ணே சட்டம். துபாயில் எல்லையை 20 கிலோமீட்டர் வரை தாண்டினால் கேமரா பொறுத்துக்கொள்ளும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அபூதபியில் அந்தச் சலுகை 2018 ஆகஸ்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஓர் அமீரகத்தின் பழக்கத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள். பின்னிருக்கையில் அமர்ந்தோருக்கும் வார் கட்டாயம் என்பது 2017-இல் வந்த விதி. நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும். பத்து வயது நிரம்பாத பிள்ளையை முன்னால் அமர்த்தலாகாது. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் உம்மாவின் அன்பு, ஒரு திடீர் நிறுத்தத்தில் அக்குழந்தையைக் காக்காது.

விபத்து நேர்ந்தால்

சிறு கீறலேயாயினும், எதிர்த்தரப்பினரோடு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். காவல்துறை அறிக்கையின்றி அங்கே பட்டறைக்காரர் வண்டியைப் பழுதுபார்க்க மாட்டார், காப்பீடும் கிடைக்காது. 999 என்ற எண்ணில் காவலரை அழையுங்கள். வாடகை நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள்.

இறுதியாக ஒன்று. இரவெல்லாம் விமானத்தில் விழித்திருந்து, விடியலில் இறங்கியவுடன் சாவியைக் கையில் வாங்காதீர்கள். அன்று டாக்ஸியில் வீடு சேர்ந்து, உறங்கி எழுந்து, மறுநாள் போக்குவரத்துக் குறைந்த தெருக்களில் பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி ஓட்டிப் பாருங்கள். ஊரில் நம்மிடம் ஓட்டக் கற்ற மகனே அங்கே நமக்கு ஆசிரியராக அமர்ந்திருப்பான். அவன் சொல்வதைக் கேட்டு ஓட்டுவதில் ஒரு குறைவும் இல்லை. எல்லாம் வல்ல இறைவன் நம் பயணங்களை நலமாக்கி, உற்றாரிடம் சுகமாகச் சேர்ப்பானாக!