வெங்காயமும் இரத்தக் குழாயின் தசையும்

கற்பிட்டியின் மணற்றரையில் விளையும் சிவப்புச் சின்ன வெங்காயத்தை அறியாதவர் எம்மில் இல்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் மாவட்டத்தில் தங்கிய முஸ்லிம் விவசாயிகள் பலர், சொந்த நிலத்தை இழந்து இத்தோட்டங்களில் கூலிவேலை செய்தனர். எகிப்தைவிட்டு வெளியேறிய மக்கள் பாலைநிலத்தில் வெங்காயம் வேண்டுமென முறையிட்டதை விவிலியமும் திருக்குர்ஆனும் கூறுகின்றன.

“வெங்காயம் தின்றால் பிறசர் இறங்கும், குளிசை தேவையில்லை” என்று சிலர் சொல்வதுண்டு. இதில் பாதி உண்மை, மறுபாதி ஆபத்து.

எமது நாடிக் குழாய்களின் சுவரில் வளையம் வளையமாகத் தசை இருக்கின்றது. அது இறுகினால் குழாய் ஒடுங்கும், அழுத்தம் உயரும், இருதயத் தசை கூடுதலாக உழைத்து, நாளடைவில் தடித்துக் களைத்துவிடும். குழாயின் உட்படை நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவைச் சுரந்து அத்தசையைத் தளர்த்துகிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

தாவரங்களில் பிளேவனோயிட்டுகள் என்னும் பொருட்கள் உள்ளன. வெங்காயத்தில் உள்ளது குவெர்செற்றின். வெங்காயத் தோலை அவித்தால் நீர் மஞ்சளாவதற்கு இதுவும் காரணம். ஆய்வுகூடத்தில் எலியின் நாடித் துண்டு இதனால் தளர்ந்தது. நெதர்லாந்தின் சுட்பன் நகரில் 805 முதிய ஆண்களை ஐந்து ஆண்டுகள் அவதானித்த ஆய்வு 1993இல் வெளியாயிற்று. தேநீர், வெங்காயம், அப்பிள் மூலம் இப்பொருட்களைக் கூடுதலாகப் பெற்றவர்களிடையே இருதய நோய் மரணம் குறைந்திருந்தது.

ஆனால் அளவைக் கவனியுங்கள். 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நாளொன்றுக்கு 730 மில்லிகிராம் குவெர்செற்றின் கொடுத்தபோதே நோயாளரின் மேல் அழுத்தம் சுமார் 7 அலகு இறங்கியது. 100 கிராம் வெங்காயத்தில் இருப்பதோ சில பத்து மில்லிகிராம் மட்டுமே. ஆகவே வெங்காயம் நல்ல உணவு, குளிசைக்கு ஈடன்று.

வீட்டில் செய்யக்கூடியவை:

1. காய்ந்த தோலை மட்டும் உரியுங்கள். சத்து கூடுதலாக இருப்பது வெளி அடுக்குகளிலேயே.

2. அவித்த நீரை ஊற்றிவிடாதீர்கள். சத்து அதில் இறங்கியிருக்கும். குழம்பாக, சொதியாகச் சமையுங்கள்.

3. வேலியோரம் ஒரு முருங்கைக் கம்பை நடுங்கள். அதன் இலையிலும் குவெர்செற்றின் உண்டு. காணி உறுதி இல்லாத வளவிலும் அது தழைக்கும்.

4. உப்பைக் குறையுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாகவே போதும். உப்பளமும் கருவாடும் நிறைந்த எமது கரையில் இதுவே கடினமானது. பயன் மிகுந்ததும் இதுவே.

5. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் அழுத்தத்தை இலவசமாக அளந்து பாருங்கள். இடம் மாறும்போது கிளினிக் கொப்பியையும் குளிசையையும் முதலில் எடுத்து வையுங்கள்.

உயர் அழுத்தம் வலி தராது. நலமாக இருக்கிறதென்று குளிசையை நிறுத்தியவர் பாரிசவாதத்தில் விழுந்தால், கூலியை நம்பிய முழுக் குடும்பமும் அவரோடு விழும். வெங்காயத்தைச் சட்டியில் இடுங்கள். குளிசையை வைத்தியர் சொன்னபடி போடுங்கள்.