வீட்டைப் பூட்டும் முன் வால்வைப் பூட்டுங்க! மார்கழி, தை பயணம் கிளம்பும் கோவைக் குடும்பங்களுக்கு ஒரு செக் லிஸ்ட்

காலையில் குழாயைத் திறந்தால் 'புஸ்'ஸென்று காற்றுதான் வருகிறது. "இன்னும் தண்ணி விடலையாட்ட இருக்குது" என்று சொல்லிக்கொண்டே, திறந்த குழாயை மூட மறந்து நகர்ந்துவிடுகிறோம். மாலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியாயிற்று. நள்ளிரவில் தண்ணீர் வருகிறது. மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து போன்: "ஏனுங்க, உங்க வாசல்ல தண்ணி ஆறா ஓடுதுங்க!"

சில நாள்களுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊர்களில் இது புதுக் கதை அல்ல. அரையாண்டு விடுமுறை, சபரிமலை, பொங்கலுக்குச் சொந்த ஊர், தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை என டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை கொங்கு மண்டலத்தில் பூட்டிய வீடுகள் அதிகம். நகை, பத்திரம், கேஸ், ஃபேன், லைட் எல்லாவற்றையும் சரிபார்த்துப் பூட்டுகிறோம். தண்ணீர் லைனை மட்டும் மறந்துவிடுகிறோம்.

அங்கே உறையும், இங்கே ஓடும்

குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிச் செல்லும் அமெரிக்க, கனடா தமிழர்களுக்கு வேறு கவலை. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவிகிதம் கூடும். அந்த அழுத்தத்தில் குழாய் வெடிக்கும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாகாணத்தை உறைபனிப் புயல் தாக்கியபோது ஏராளமான வீடுகளில் இப்படித்தான் குழாய்கள் வெடித்தன. அதனால் மெயின் வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து லைனை வடித்துவிட்டுத்தான் அங்கே பலர் வெளியூர் கிளம்புகிறார்கள்.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஊட்டியில், தலைகுந்தா, அவலாஞ்சி பகுதிகளில் குளிர்காலத்தில் உறைபனி விழுந்து புல்வெளி வெள்ளையாவது வழக்கம். ஆனாலும் வெயில் ஏறியதும் உருகிவிடும். மலையில் வீடு வைத்திருப்பவர்கள், வெளியே தெரியும் குழாய்களை வடித்துவிட்டு வந்தாலே போதும்.

கோவை, திருப்பூர், ஈரோட்டில் தண்ணீர் உறையாது. இங்கே ஆபத்து இரண்டு: ஆள் இல்லாதபோது ஓடும் தண்ணீர், ஆள் இல்லாதபோது தேங்கி நிற்கும் தண்ணீர். இரண்டுக்கும் கிளம்பும் முன்பே வழி செய்துவிடலாம்.

வாரம் முன்பே திருகிப் பாருங்கள்

கோவை வீடுகள் பலவற்றில் இரண்டு லைன்கள் உண்டு. ஒன்று சிறுவாணியோ பில்லூரோ வரும் 'நல்ல தண்ணி'. இன்னொன்று போர்வெல்லின் 'உப்புத் தண்ணி'. உப்புத் தண்ணி ஓடும் லைனில் வால்வுக்குள் வெள்ளையாக உப்புப் படிந்து இறுகிவிடும். வருடக்கணக்கில் தொடாத கேட் வால்வைக் கிளம்பும் அவசரத்தில் பலங்கொண்டு முறுக்கினால், தண்டு உடைந்து கையோடு வரும். பண்டிகை நேரத்தில் பிளம்பர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அதனால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே எல்லா வால்வுகளையும் ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். மூடிய பிறகும் குழாயில் நூல்போல் தண்ணீர் வந்தால், அந்த வால்வை மாற்றும் நேரம் வந்துவிட்டது. புதிதாகப் போடும்போது கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே மூடும் பால் வால்வாகப் போட்டால், வீட்டுப் பெரியவர்களும் சுலபமாக மூடலாம்.

கிளம்பும் நாளில் இந்த வரிசை

முதலில் மோட்டார். டேங்கில் தண்ணீர் குறைந்தால் தானாக ஓடும் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் இருந்தால், கட்டாயம் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிடுங்கள். வீட்டுக்குள் எங்காவது ஹோஸ் வெடித்தால் மாடி டேங்க் காலியாகும். காலியானதும் மோட்டார் தானாக ஓடி நிரப்பும். அதுவும் வீட்டுக்குள்தான் கொட்டும். சம்ப் வற்றும்வரை இது நிற்காது.

இரண்டாவது, மாநகராட்சி இணைப்பிலிருந்து வீட்டுக்கு வரும் வால்வு. சம்ப்பில் மிதவை வால்வு இருக்கிறதே என்று அதை மட்டும் நம்பவேண்டாம். அது பழுதானால் சம்ப் நிரம்பி வழியும்.

மூன்றாவது, மாடி டேங்கிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் வால்வு. இதை மூடிவிட்டு, கீழே ஒரு குழாயைத் திறந்து லைனில் மிச்சமிருப்பதை வடியவிடுங்கள். பிறகு அந்தக் குழாயை மறக்காமல் மூடுங்கள்.

நான்காவது, சின்னச் சின்ன இணைப்புகள். டாய்லெட்டில் இருக்கும் ஹெல்த் ஃபாசெட்டின் ஹோஸ், வாஷிங் மெஷின் ஹோஸ், வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் இணைப்பு ஹோஸ் ஆகியவைதான் எளிதில் பழுதாகிறவை. இவற்றின் ஆங்கிள் காக்கை மூடுங்கள். கீஸர் ஸ்விட்சையும் ஆர்.ஓ. மெஷினையும் அணையுங்கள்.

'ஒரு சொட்டுதானே' என்று விட்டுவிடாதீர்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள், அதாவது சுமார் 20 லிட்டர். 15 நாள் பயணத்தில் 300 லிட்டர். நம் வீட்டில் வீணாகும் அந்தத் தண்ணீர், பாலக்காடு மாவட்டத்து மலைக்குள் இருக்கும் சிறுவாணி அணையிலிருந்தோ பவானி ஆற்றின் பில்லூரிலிருந்தோ குழாய்வழியே அத்தனை தூரம் வந்தது.

மாடியில் சோலார் இருக்கிறதா?

சோலார் வாட்டர் ஹீட்டரில் வெந்நீரை யாரும் எடுக்காவிட்டாலும் வெயில் சூடாக்கிக்கொண்டே இருக்கும். கண்ணாடிக் குழாய் மாடல்களில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்து, காய்ந்து சூடேறிய குழாயில் திடீரெனக் குளிர்ந்த நீர் பாய்ந்தால் கண்ணாடி விரிசல் விடும். எனவே சோலாருக்குப் போகும் லைன் தனியாக இருந்தால் அதைத் திறந்தே வையுங்கள். வாரக்கணக்கில் போவதாக இருந்தால் கண்ணாடிக் குழாய்களைத் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிடுங்கள். அந்த லைனையும் மூடிவிட்டுப் போயிருந்தால், திரும்பி வந்ததும் வெயில் ஏறும் முன் அதிகாலையில் மட்டும் திறந்து நிரப்புங்கள்.

பூட்டிய வீட்டில் வளரும் கொசு

இது நம் வீட்டோடு முடிகிற விஷயம் அல்ல. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, சுத்தமான தேங்கிய நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். ஒரு வாரம், பத்து நாள் பயணம் அதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்களும், பூட்டிய வீட்டைப் பார்த்தால் திரும்பித்தான் போகவேண்டும். நம் வீட்டில் பிறக்கும் கொசு எதிர்வீட்டுக் குழந்தையைக் கடிக்கும்.

சம்ப் மூடியும் டேங்க் மூடியும் இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்று பாருங்கள். பக்கெட், அண்டா, குடங்களைக் காலிசெய்து கவிழ்த்து வையுங்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மணிபிளான்ட் பாட்டில் இவற்றைப் பெரும்பாலும் மறப்போம். ஏடிஸ் முட்டை காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும் என்பதால், கொட்டினால் மட்டும் போதாது. தேய்த்துக் கழுவிக் கவிழ்க்கவேண்டும். மொட்டைமாடித் தண்ணீர் வெளியேறும் துளையில் இலை, தூசி அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மார்கழியில் எட்டிப்பார்க்கும் ஒரு மழை போதும், மாடி குளமாகிவிடும்.

திரும்பி வந்ததும் நாற்றமா?

வாஷ்பேசின், பாத்ரூம் தரை வடிகால், டாய்லெட் எல்லாவற்றின் அடியிலும் வளைந்த பகுதியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதுதான் சாக்கடை வாடையும் கரப்பான்பூச்சியும் மேலே வராமல் தடுக்கும் கதவு. வாரக்கணக்கில் யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டால் அது காய்ந்துபோகும். கிளம்பும்போது ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு சொம்பு தண்ணீரும், அதன்மேல் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயும் ஊற்றுங்கள். எண்ணெய்ப் படலம் நீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும். டாய்லெட் மூடியையும் மூடி வையுங்கள்.

சாவி யாரிடம்?

எல்லாம் செய்தாலும் ஒரு ஆள் வேண்டும். நம்பிக்கையான பக்கத்து வீட்டு அக்காவிடமோ, அதே தெருவில் இருக்கும் சொந்தத்திடமோ சாவியைக் கொடுக்கும்போது, மெயின் வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்று நேரில் காட்டுங்கள். வால்வுகளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தால் இன்னும் நல்லது. பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் வெளிநாடு போகும் பெற்றோர், வாரம் ஒருமுறை யாராவது வந்து மாடியையும் வடிகால்களையும் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டுப் போவது அவசியம்.

வந்த முதல் நாள்

வால்வை மெதுவாகத் திறங்கள். குழாய்க்குள் அடைபட்ட காற்று உதறிக்கொண்டு வெளியேறும். முதலில் வரும் கலங்கல் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள். ஆர்.ஓ. டேங்கில் பழைய தண்ணீரைக் கொட்டி, புதிதாக ஒருமுறை நிரப்பி, அதையும் வடித்துவிட்டுக் குடியுங்கள். பல நாள் ஓடாத மோட்டார் ஆன் செய்ததும் 'உம்'மென்று உறுமி நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். இறுகிய மோட்டாரை அப்படியே விட்டால் காயில் கருகும். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால், ஃபுட் வால்வு வழியே நீர் இறங்கியிருக்கும். பம்ப்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பிய பிறகே மறுபடி ஓட்டவேண்டும். மோட்டார் பம்ப்புக்குப் பேர்போன ஊரில் மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை.

மொத்தமாகப் பார்த்தால் கிளம்பும் நாளில் அரை மணி நேர வேலை. இந்த முறை பெட்டி கட்டுவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் போன் வந்தால், அது "எப்பங்க வர்றீங்க?" என்று கேட்பதற்காக மட்டும் இருக்கட்டும்.