குத்தூசியும் முதல் ஐந்து வரிகளும்

நெல் கொள்முதல் நிலையத்தில் யாரும் மணி மணியாக எண்ணிப் பார்ப்பதில்லை. சாக்கில் குத்தூசியை விட்டு ஒரு கை நெல் எடுக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா, பதரும் கருக்காயும் எவ்வளவு என்று அந்தக் கையளவே சொல்லிவிடும்.

பெரிய அட்டவணைகளுக்கும் இதே வேலை உண்டு. மேட்டூர் அணையின் அன்றாடக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: தேதி, நீர்மட்டம், நீர்வரத்து, நீர் வெளியேற்றம். 90 ஆண்டுக்கு 32,000 வரிகளைத் தாண்டும். பைத்தான் மொழிக்காக வெஸ் மெக்கின்னி 2008-இல் எழுதத் தொடங்கிய பாண்டாஸ் நூலகத்தில் இதை ஏற்றிவிட்டு ‘ஹெட்’ என்றால் முதல் ஐந்து வரிகள் வரும். ‘டெயில்’ கடைசி ஐந்தைக் காட்டும். ‘சாம்பிள்’தான் குத்தூசி, கேட்ட அளவு வரிகளை எங்கிருந்தாவது உருவி வரும்.

குத்தூசி இருக்க மேல்நெல்லைப் பார்ப்பானேன் என்று தோன்றும். ஆனால் ‘ஹெட்’ மட்டுமே சட்டென்று பிடிக்கும் பிழை ஒன்று உண்டு. காவிரியின் நீராண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது. நாம் 01-06, 02-06 என்று நாளை முன்னால் எழுதுகிறோம். பாண்டாஸோ, சொல்லாவிட்டால் மாதத்தை முன்னால் வைத்துப் படிக்கும். முதல் ஐந்து வரிகள் ஜனவரி 6, பிப்ரவரி 6, மார்ச் 6 என்று மாதம் மாதமாகத் தாவும். குறுவைக்கு அணை திறக்கும் ஜூன் 12, டிசம்பர் 6 ஆகிவிடும்! 13-ஆம் மாதம் கிடையாது என்பதால் பாண்டாஸின் பழைய பதிப்புகள் 13-06 முதலான நாட்களை மட்டும் சரியாகப் படித்துவிட்டு மேலே போய்விடும். பாதி சரி, பாதி தவறு. இதைவிட ஆபத்தான அட்டவணை இல்லை. மாதத்தின் பின்பாதி நாட்களாகவே ‘சாம்பிள்’ உருவிவந்தால் குறையே தெரியாது.

‘டேஃபர்ஸ்ட்’ என்று சொல்லி நாளை முன்னால் கொள்ளச் செய்தால் சரியாகிவிடும். பிறகு ‘ஹெட்’டிடம் 12 வரி கேளுங்கள். கடைசி வரியில் ஜூன் 12 நிற்கும். பாண்டாஸ் சுழியத்திலிருந்து எண்ணுவதால் அதன் இடப்பக்க எண் 11. 2025 நீராண்டின் கணக்கை மட்டும் ஏற்றியிருந்தால் அணை திறந்த வரி அதுவே. 2024-இல் தண்ணீர் போதாமல் ஜூலை 28-இல்தான் அணை திறந்தார்கள். அந்த ஆண்டுக்கு 58 வரி கேட்க வேண்டும்.