சீரியல் செய்யத் தெரியுமா, பாப்பா?

"நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்" என்றதும், "மச்சானுக்கு ஒரு வேலை பார்த்துக் குடுங்களேன்" என்று பயோடேட்டாவை நீட்டியவர்கள் உண்டு. வேலைக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டுதான். ஆனால், என்னிடம் வருகிறவர்களுக்கு வயசு நாலு! சாப்பிடுவது, சட்டை போடுவது, விளையாடுவது... அவர்களுக்கு இதெல்லாம்தானே உத்தியோகம்? அதில் எங்கே தடங்கல் என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது என் பிழைப்பு.

கண்டுபிடிக்க 'டெஸ்ட்' வேண்டுமே? அங்கேதான் தமாஷ். அமெரிக்காவில் 1967-ல் வந்து, 1992-ல் திருத்தப்பட்ட 'டென்வர்' டெஸ்ட் உலகப் பிரசித்தம். அதில் ஒரு கேள்வி: குழந்தை தானே சீரியல் தயாரிக்குமா? அதாவது, கிண்ணத்தில் கார்ன்ஃப்ளேக்ஸைக் கொட்டிப் பாலை ஊற்றிக்கொள்வது. நம்ம ஊர்ப் பாட்டியிடம் கேட்டால், "தயாரிக்கிறதெல்லாம் டி.வி-காரங்க. இவ என்கூட உட்கார்ந்து பார்ப்பா, அவ்வளவுதான்" என்பார்!

'செய்து பார்க்க வாய்ப்பில்லை' என்று குறிக்க அந்த டெஸ்டிலேயே இடம் இருக்கிறது. ஆனால், ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் மிச்சம் என்ன தேறும்?

போன வருஷம் ஒரு நாலரை வயசுச் சிறுமி வந்தாள். 'கை வேலையில் மந்தம்' என்று ஒரு பள்ளிக்கூடம் சீட்டு கொடுத்திருந்தது. கத்தரிக்கோல் பிடிக்க வரவில்லை, ஸ்பூன் தடுமாறியது. பல்லாங்குழியை எடுத்து வைத்தேன். சோழிகளை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக விரல் நுனிக்குத் தள்ளிக் குழியில் போட்டாள் பாருங்கள்!

"வீட்ல கத்தரிக்கோல் இருக்காம்மா?"

"கண்ணைக் குத்திக்கும்னு பரண் மேல போட்டுட்டோம்."

பரணிலிருந்து இறக்கச் சொல்லி அனுப்பினேன்.

அதே வாரம் ஒரு பையன். அஞ்சு வயசு. ரைம்ஸ் எல்லாம் மணிமணியாகச் சொன்னான். வீட்டில் பாட்டி ஊட்டுவார். அம்மா பட்டன் போடுவார். "அவங்கப்பாவும் எல்லாம் லேட்டுதான்" என்று சமாதானம் வேறு. தட்டில் பொரியைக் கொட்டினேன். விரலால் எடுக்க வரவில்லை, உள்ளங்கையால் வழித்தான். இடது கை மடியை விட்டு எழவே இல்லை. இரண்டு வயசிலேயே வந்திருக்க வேண்டிய குழந்தை!

சரி, சீரியலை அடித்துவிட்டு 'சாம்பார் சாதம்' என்று எழுதினால் ஆச்சா? ஆகாது. நம்ம பிள்ளைகள் எந்த வயசில் தானே பிசைந்து, சிந்தாமல் சாப்பிடுகிறார்கள்? நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். செய்யத் தெரியவில்லையா, பெரியவர்கள் செய்ய விடவில்லையா என்றும் பிரித்துக் கேட்க வேண்டும்.

ஆப்பிரிக்காவில் மலாவிக்காரர்களுக்கு அப்படி ஓர் அளவுகோல் கிடைத்திருக்கிறது. 1,400-க்கும் மேற்பட்ட கிராமத்துக் குழந்தைகளைப் பார்த்து, 136 அம்சங்களோடு 2010-ல் வெளியானது. இதோ, பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 1991-லேயே இரண்டு வயசு வரைக்கும் ஓர் அட்டவணை போட்டார்கள். பதினேழே அம்சம். தேவைப்படும் சாமான்? ஒரு பேனா, ஒரு சாவிக்கொத்து! பிற்பாடு ஆறு வயசு வரை நீட்டினார்கள். ஆனால் அது சல்லடை. யாரை மேற்கொண்டு பார்க்கணும் என்று சலித்துக் கொடுக்கும். பாவாடை நாடா கட்ட வராததற்குக் காரணம் விரலா, கண்ணா, கவனமா என்று சொல்ல வேறு டெஸ்ட் வேண்டும்.

அதுவரை, இந்த ஞாயிற்றுக்கிழமை ஊட்டாமல் தட்டை முன்னால் வைத்துப் பாருங்கள். சிந்தினால் சிந்தட்டும். ஆனால், ஒரு கையையே ஒதுக்கி வைக்கிறதா, பொரியை விரலால் எடுக்க வரவில்லையா, முன்பு செய்ததை இப்போது செய்ய மறுக்கிறதா... பள்ளிக்கூடச் சீட்டுக்குக் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இதற்கென்றே குழந்தைகள் மையம் இருக்கிறது. காசு கிடையாது.