ரிஷிவேலி அனுப்பிய அட்டைகள்

'இயற்கையோடு இயைந்த கல்வி' என்று போஸ்டர் ஒட்டாத தனியார் பள்ளி இன்று அபூர்வம். வாசலில் நாலு தொட்டிச்செடி இருக்கும். வருஷத்துக்கு ஒருநாள் பசுமை தினம் நடக்கும். அன்றைக்குப் பச்சைச் சட்டை போட்டு அனுப்பச் சொல்லி முந்தின ராத்திரி வாட்ஸ்அப் வரும்.

ஆந்திராவில், மதனப்பள்ளி பக்கத்தில் இருக்கும் ரிஷிவேலி பள்ளி இந்த வகையறாவில் சேராது. மதனப்பள்ளி, இந்தப் பள்ளியைத் தொடங்கிய சிந்தனையாளர் ஜே.கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர். 1920களில் பள்ளிக்கு இடம் தேடியபோது, அந்தப் பள்ளத்தாக்கில் நின்ற பெரிய ஆலமரத்தைப் பார்த்துத்தான் இந்த இடத்தை முடிவு செய்தார் என்பார்கள்.

மழை குறைந்த, பாறையும் முள்ளுமான பூமி அது. மரம் நட்டு, மழைநீரைத் தேக்கி, ஆடுமாடு மேய்ச்சலைக் கட்டுப்படுத்தி, பல ஆண்டுகளில் அதைக் காடாக்கினார்கள். மரம் வந்ததும் பறவை வந்தது. 1991இல் வளாகமே பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பதிவாகியிருக்கும் பறவை வகைகள் 200க்கு மேல். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் வேறெங்கும் இல்லாத மஞ்சள்தொண்டைச் சின்னானும் அதில் உண்டு. அதைத் தேடி வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள்.

கீழ் வகுப்புகளில் ரேங்க் கிடையாது. இசை, நடனம், மண்பாண்டம் எல்லாம் மற்றப் பாடங்களோடு சமமாக நடக்கும். சாயங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்து, பேசாமல், சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் அஸ்தாசல். நம்மூர்ப் பள்ளியில் இதைக் கொண்டுவந்தால், 'அந்த நேரத்துக்கு ஒரு டெஸ்ட் வைக்கலாமே' என்று பெற்றோரே கேட்பார்கள்.

எல்லாம் சரி, கட்டணம்? லட்சங்களில். பணம் உள்ளவர் பிள்ளைக்குத்தான் குருவியும் குன்றும் என்றால், அதை எழுதி என்ன ஆகப்போகிறது?

ரிஷிவேலிக்கு இன்னொரு முகம் உண்டு, அதற்காகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. சுற்றியுள்ள குக்கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை அதன் கிராமியக் கல்வி மையம் நடத்துகிறது. ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள். ஒருவர் எப்படிப் பாடம் நடத்துவது? அந்த மையத்தைச் சேர்ந்த பத்மநாப ராவும் ரமாவும் பாடப்புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். அட்டைகளின் வரிசையைக் காட்டச் சுவரில் ஓர் ஏணிப் படம். பிள்ளை தன் படி எதுவென்று பார்த்து, அட்டையைத் தானே எடுத்துப் படிக்கும். நாலு நாள் வராமல் போனாலும் விட்ட படியிலிருந்து ஏறலாம். விதைப்புக்கும் அறுவடைக்கும் பிள்ளைகள் காணாமல் போகிற ஊரில், இது பெரிய விஷயம்.

2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். சில பள்ளிகளில் தொடங்கிய முறை, ஐந்தே ஆண்டுகளுக்குள் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. செயல்வழிக் கற்றல் என்று நாம் சொன்னது அதைத்தான். ஆசிரியர் பாயில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை வந்தது. வரைந்த படங்கள் தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் தொங்கின. 'எந்நேரமும் விளையாட்டுத்தானா?' என்ற முணுமுணுப்பும் கூடவே வந்தது. அட்டைகள் கிழிந்தன, ஆசிரியர்களுக்கு வேலைப்பளு கூடியது, குறைகளும் உண்மைதான். பிறகு முறை மாறி மாறி, 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது.

எனக்கு ஆதங்கம் வேறு. ரிஷிவேலியிலிருந்து அட்டையைக் கொண்டுவந்தோம், மரத்தையும் பறவையையும் அங்கேயே விட்டுவிட்டோம். அட்டையை அச்சடித்துவிடலாம், ஆணை போட்டு அனுப்பிவிடலாம். மரத்தடியில் சும்மா உட்கார அரை மணி நேரத்தை எந்தச் சுற்றறிக்கையில் எழுதுவது? இத்தனைக்கும் நம் அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஒரு வேம்போ புங்கனோ நிற்கிறது, கட்டணமும் இல்லை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள், கழிப்பறை, சுற்றுச்சுவரோடு இதையும் கேளுங்கள்: வாரத்தில் ஒரு பாடவேளையாவது பிள்ளைகளை அந்த மரத்தடிக்கு அனுப்புவீர்களா?